மூனு தடவ பொங்கின பால்

நாற்காலி எல்லாம் இங்க கெடையாது டாக்டர், அந்தத் தீவன மூட்டை மேல உக்காருங்க. கால்ல போட்டிருக்கிற சிலுவார்ல தவிடு ஒட்டுனா தட்டிவிட்டா போயிடும். ஏர்கோன் ரூம்ல இருந்து பழகின ஒடம்பு, மாட்டுக் கொட்டாய் வாசம் உங்களுக்கு ஆகாதுதான். நாங்க முப்பது வருசமா இந்த வாசத்துலதான் சோறு திங்கிறோம்.

போன வாரம் வந்து ஒன்பது மாட்டுக்கும் ரத்தம் எடுத்தீங்க. இன்னிக்கி மூனு மாட்டுக்கு நோயின்னு பேப்பரோட வந்து நிக்கிறீங்க. என்ன பேரு சொன்னீங்க? புருசெல்லாவா? பாசார் கடையில விக்கிற சோப்பு பேரு மாரி இருக்கு. எந்த மூனு? கறுப்பி. செவல. அப்பறம்... வெள்ளச்சியா? நல்லாப் பாத்து சொல்லுங்க லா. அந்த மடியப் பாருங்க, நோய் வந்த மாடு மாரியா இருக்கு? இதக் கொண்டு போய் வெட்டணுமாம். படிச்சவங்களுக்கு வெட்டுறதத் தவிர வேற வைத்தியமே தெரியாதா?

சரி, கையில இருக்கிற பாரத்த எழுதி முடிங்க. பேரு உஷாராணி. எடம், பண்டமாரான், கரண்டு டவர் கம்பிக்குக் கீழன்னு போடுங்க, எல்லாருக்கும் தெரியும்.

பச்சப் பால் யாராச்சும் குடிச்சாங்களாவா? யாருகிட்ட வந்து என்ன கேக்குறீங்க! எங்க வீட்ல பால் மூனு தடவ பொங்குனாத்தான் அடுப்ப விட்டு எறங்கும். பங்சார்ல இருந்து ஒரு கூட்டம் பெரிய கார்ல வந்துச்சு. ஆன்டி, காய்ச்சாம அப்படியே குடுங்க, அதுலதான் சத்து இருக்குன்னு. போய் கன்னுக்குட்டி கூட நின்னு சப்புங்கன்னு சொல்லித் தொரத்திவிட்டேன். இல்லன்னு போடுங்க. பெருசா போடுங்க. வெள்ளிக்கிழம ரெண்டு லிட்டர் கோயிலுக்குப் போவும், அது சாமிக்கு. சாமிக்குமா பாரம் வெச்சிருக்கீங்க?

கன்னு தவறுச்சான்னு உங்களுக்கு யாரு சொன்னா? ரெங்கசாமியா? அந்த டவருக்கு அந்தப் பக்கம் மாடு கட்டியிருக்கானே, அவந்தானே? எனக்கு வெள்ளச்சிய வித்ததே அவன்தான். சொக்கத் தங்கம் அக்கான்னு சொல்லி வித்தான். இப்ப எட்டி நின்னு வேடிக்க பாக்குறான். ஆமா, வெள்ளச்சிக்குத் தவறுச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்ன, ஏழு மாசச் செனையில. கண்ணு பட்டுருச்சுன்னு நெனச்சேன். நான்தான் இந்தக் கையால இழுத்துப் போட்டேன், பப்பாளி மரத்துக்கிட்ட பொதச்சேன். கையுறையா? நல்லா கேட்டீங்க போங்க. மாட்டுக்குப் பிரசவம் பாக்க கையுறை போடுறவ நான் இல்ல.

இருங்க, போன் அடிக்குது. சொல்லுங்க மாப்ள. இன்னும் எறங்கலியா? என்னதான் சொல்றாங்க? ம்... சரி, நான் வரேன்.

மருமகன், கார்த்திகேசு. எம்மவ குமுதா ஆஸ்பத்திரியில கெடக்குறா. அங்க இருக்கானுங்களே டாக்டருங்க, உங்களுக்கு மேல. டெங்கின்னு ஒருத்தன் பாத்தான், இல்ல. எலி மூத்திரக் காய்ச்சல்னு இன்னொருத்தன் பாத்தான், அதுவும் இல்ல. குத்திக் குத்தி கையெல்லாம் ஊதாவா ஆயிடுச்சு புள்ளைக்கு. மூனு வாரமா பொழுது சாஞ்சா காய்ச்சல், வேர்த்து ஊத்துது, இடுப்புல அப்படி ஒரு வலிங்கிறா. என்ன நோயின்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல. எதுக்குத்தான் படிச்சானுங்களோ.

ஏன் எழுதுறத நிறுத்திட்டீங்க?

முழுகாமதான் இருந்தா. அஞ்சு மாசம். போன செவ்வாக்கிழம அதுவும் போயிடுச்சு. பையன்.

என்னய ஏன் அப்படி பாக்குறீங்க? அவ காய்ச்சாத பாலத் தொட்டதே இல்ல. என் வீட்ல வளந்தவ டாக்டர், டம்ளர்ல ஆவி பறக்கலன்னா குடிக்க மாட்டா. அதான் மூனு தடவ பொங்க விடுவேன்னு சொன்னேன்ல. எத்தன தடவ சொல்றது?

மாட்டு நோய் மனுசனுக்கும் வருமா? வயித்துல இருக்கிற புள்ளையையும் கலைச்சிடுமா? கன்னு தவறின மாட்டுப் பால்லயா அதிகமா இருக்கும்? மனுசனுக்கு இதுக்கு மருந்து இருக்குல்ல?

அந்தப் பேனாவக் குடுங்க. இல்லன்னு பெருசா போட்டீங்களே, அத அடிக்கணும். சரி, நீங்களே அடிங்க.

வெள்ளச்சிக்குத் தவறுனதும் எனக்குப் பயம் வந்துருச்சு. வீட்ல மவ மூனு மாசமா முழுகாம இருக்கா. மாட்டுக்கு நடந்தது இவளுக்கு நடந்துறக் கூடாதுன்னு கோயில்ல அபிஷேகத்துக்குச் சொன்னேன். வெள்ளச்சி பால்லயே செய்யணும்னு நான்தான் புடிவாதமா நின்னேன். சாமிக்கு யாராச்சும் காய்ச்சுன பால ஊத்துவாங்களா? சாமி மேல ஊத்துனதக் குருக்கள் ஒரு செம்புல புடிச்சுக் குடுத்தாரு. ஒரு சொட்டு சிந்தாம மடியில வெச்சு வேன்ல கொண்டாந்தேன்.

கொமட்டுதும்மா, வேணாம்மான்னா. அபிஷேகப் பால வேணாம்னு சொல்லுவியாடின்னு அதட்டி, தலையப் புடிச்சு நானே வாயில ஊத்துனேன். மூனு வெள்ளிக்கிழம.

மாட்டுக்கு லோரி நாளைக்கே அனுப்புங்க, நானே அவுத்து ஏத்தி விடுறேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. மாட்டுக்காரி சொன்னா அவனுங்க கேக்க மாட்டானுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. அந்த நோயோட பேரச் சொல்லுங்க, மருந்து இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதக் குடுக்கச் சொல்லுங்க. ஏழாவது வார்டு. குமுதா.

பால் யாரு குடுத்தான்னு கேட்டா, அம்மான்னு சொல்லிடுங்க டாக்டர்.