மூன்றாம் வகுப்பில் குடியிருப்பவள்

கனடாவின் பிக்கரிங்கில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். மூத்தவர் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே தொடங்கினார்.

"என்ர தங்கச்சி இப்ப மூண்டாம் வகுப்புக்குள்ள குடியிருக்கிறாள்."

"என்னக்கா சொல்லுறியள்?"

"ஒரு சின்ன டவுனில பழைய பள்ளிக்கூடத்தை அப்பார்ட்மென்ட் ஆக்கி வித்தவங்கள். பிள்ளையள் குறைஞ்சு பூட்டினது, பிறகு கொஞ்சக் காலம் லைப்ரரியாக் கிடந்ததாம். அவள் சமைக்கிற குசினியில இப்பவும் கரும்பலகை இருக்கு. என்ன உயரமான சன்னல்! நான் இருக்கிறது நிலத்துக்குக் கீழ, பேஸ்மென்டில."

"பொறாமையோ அக்கா?" இளையவர் சிரித்தார்.

"ஓம், பொறாமைதான். ஆனா அவளில இல்லை. போன சனிக்கிழமை நான் அங்க நிக்கேக்க, வயசு போன வெள்ளைக்கார மனுசி ஒராள் வந்து கதவைத் தட்டினா. சின்னனில அங்க படிச்சவவாம். நேர சன்னலடிக்குப் போய், 'இதிலதான் நான் இருந்தனான்' எண்டு சுவரைத் தடவித் தடவி அழுதா. தங்கச்சி தேத்தண்ணியை ஊத்தித் தந்து, அவவிட்டக் குடுக்கச் சொன்னாள். நான் குடுக்கேல்ல."

"ஏனக்கா? பாவமெல்லே?"

"என்ன பாவம்? அவவுக்கு வந்து தட்ட ஒரு கதவு இருக்கு. ஊரில நாங்கள் படிச்ச பள்ளிக்கூடம் சண்டை நேரம் செல்லடியில தரைமட்டம். நான் ஆரின்ர கதவைத் தட்டுறது?"