தாழம்மேட்டு நரி

நரி குட்டி போட்டால் அப்பன் நரியும் கூடவே இருந்து வளர்க்கும், ஐயா. தாய் நரி இரைக்குப் போனால் அது வளை வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொள்ளும். அறுபத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு இது தெரியாது. நரி என்றால் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் என்று மட்டும்தான் தெரியும். என் மகன் முருகானந்தம் படம் பிடித்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவன். நீங்கள் எழுதுவதை என்னால் சரிபார்க்க முடியாது. நேற்று ஏட்டு எழுதியதைப் படித்துக் காட்டினார். ‘எலிக்குப் போட்ட கரண்ட் கம்பியை அணைக்க மறந்துவிட்டேன், மகன் அதில் பட்டு இறந்தான்’ என்று இருந்தது. அதை நான் சொல்லவே இல்லை. ஊர்க்காரர்கள் சொன்னார்கள், நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததை என் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவனை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். இப்போது நானே சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எங்கள் வீடு வயலை ஒட்டித் தனியாக இருக்கிறது. மண்டபத்தூர்க் கடற்கரையிலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர் உள்ளே. கொல்லைக்குப் பின்னால் வயல், வயல் முடிகிற இடத்தில் வாய்க்கால், வாய்க்கால் கரையில் தாழம்புதர் மண்டிய ஒரு மேடு. அங்கே எதுவும் விளையாது. நரி வளை தோண்டியிருப்பது அந்த மேட்டில்தான்.

முருகானந்தம் காரைக்காலில் ஒரு ஆபீசில் கிளார்க். சிங்கப்பூரில் இருக்கும் அவன் சிநேகிதன் நூர் அகமது போன வருஷம் வந்தபோது ஒரு கேமரா கொடுத்துவிட்டுப் போனான். அன்று பிடித்தது பித்து. கீரி, உடும்பு, மீன்கொத்தி என்று எது அசைந்தாலும் படம். நரி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நிமிர்ந்து நடந்தால் நரி ஓடிவிடுமாம். அதனால் விடியக்காலத்தில் வரப்போடு வயிறு தேயத் தவழ்ந்து போவான், சட்டையெல்லாம் சேறாகத் திரும்பி வருவான். மேட்டுப் பக்கம் போகாதே, பாம்பு கிடக்கும் என்று நாலைந்து தடவை சொன்னேன். பாம்பையும் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

கதிர் முற்றுகிற சமயம் எலி அறுக்கும். மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுத்து, வயலைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் கம்பி இழுத்துவிடுவேன். சட்டப்படி தப்பு. எங்கள் பக்கத்தில் நான் மட்டுமில்லை, எல்லாரும் செய்வதுதான். விடிவதற்குள் அணைத்துவிடுவேன். முருகானந்தம் தினமும் கிளம்பும்போது, ‘கம்பி அணைச்சாச்சாப்பா?’ என்று கேட்டு, நான் ஆமாம் என்ற பிறகுதான் வயலில் காலை வைப்பான். அவன் கவனமான பிள்ளை. அவனைக் குறை சொல்லி எழுதிவிடாதீர்கள்.

தை மாதம் கடைசி வாரம், ஒரு சாயங்காலம் கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாருங்கப்பா, நாலு குட்டி. எப்புடி வரிசையா ஒக்காந்திருக்கு பாருங்க.”

மருமகள் உமாமகேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “கல்யாணமாயி ஆறு வருஷமாச்சு மாமா, என்னைய ஒரு படம் எடுத்ததில்ல. நரிப் பொண்டாட்டிக்கு நானூறு படம்.”

“நீ ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குற. அது நிக்கிது.”

“நானும் வாய்க்காக் கரையில வளை தோண்டிட்டு ஒக்காந்துக்கிறேன். அப்பயாச்சும் எடுக்குறீங்களான்னு பாப்போம்.”

நானும் சிரித்தேன். அப்புறம் அடுத்த படத்தைத் தள்ளினான். ஒரு குட்டி எதையோ கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்பு. நீல வார். வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

முருகானந்தம் சிரிப்பை நிறுத்திவிட்டான். “இது அம்மா செருப்பு மாரியில்ல இருக்கு?”

“ஊருல எல்லாந்தான் ஊக்கு குத்திப் போட்டுக்கிறாளுவ.”

“இல்லப்பா. அம்மா ஊக்கு மேல செவப்பு நூலு சுத்திவச்சிருப்பாங்க. இதுல தெளிவாத் தெரியல. நாளைக்குக் கிட்டக்கப் போயி எடுக்குறேன். வளைக்குப் பக்கத்துல கொஞ்சம் வெட்டியும் பாத்துருவோம்.” படத்தை இன்னும் கிட்டக்கக் கொண்டுபோய்ப் பார்த்தான். “அம்மாதான் இந்த நரிய மொதல்ல எனக்குக் காட்டுனாங்க. தெனம் விடியக்காலம் மிச்சச் சோத்தத் தூக்குல எடுத்துட்டுப் போயி வச்சிட்டு, ஒக்காந்து பாத்துட்டு வருவாங்க. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. தெரிஞ்சா நீங்க நரிய அடிச்சுக் கொன்னுருவீங்கன்னு.”

அவன் அம்மா, என் மனைவி அன்னபூரணி, நாலு வருஷத்துக்கு முன்னால் சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தூருக்கு மீன் வாங்கப் போய்க் கடலோடு போனவள். ஊருக்கு அப்படித்தான் தெரியும். நான்தான் அப்படிச் சொன்னேன்.

அவள் மீன் வாங்கப் போகவில்லை. ஒரு மாதமாகவே அவள் இருட்டுப் பிரியும்போது பின்கதவைத் திறந்துகொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் கொல்லைக்கு என்பாள். அன்றைக்குப் பின்னாலேயே போனேன். தலையை வாரி முடிந்திருந்தாள். கையில் தூக்கு. மேட்டில் போய் உட்கார்ந்து தாழம்புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவனுக்கோ சோறு கொண்டுவந்து காத்திருக்கிறாள் என்று யாருக்கும் புரியும். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒன்று போட்டேன். சாய்ந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ‘சத்தம் போடாதீங்க’ என்றாள். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாள்? அதைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது அடி. மூன்றாவதில் மண்டை இளகிவிட்டது. அவள் விரல் கொஞ்ச நேரம் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தது. நான் குழி வெட்ட ஆரம்பித்த பிறகுதான் நின்றது. செருப்பு, தூக்கு எல்லாவற்றையும் அவளோடு போட்டு மூடினேன். வளையிலிருந்து கிழக்கே பத்தடி தள்ளி. தோண்டிப் பாருங்கள்.

வாய்க்காலில் கை கழுவிவிட்டு வந்து, ஊருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் கிழக்கேயிருந்து ஜனங்கள் ஈரத் துணியோடு ஓடிவந்தார்கள். கடல் வந்துவிட்டது என்றார்கள். அதற்குமேல் நான் யோசிக்கவேண்டி வரவில்லை. நானும் முருகானந்தமும் மூன்று நாள் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினோம். அவன் அழுதான். எனக்கும் அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை.

மகன் படம் காட்டிய மறுநாள் விடியலுக்கு வருகிறேன். நாலு மணிக்கு எழுந்து வயல் கம்பியிலிருந்து புதிதாக ஒரு துண்டு இழுத்து, மேட்டடியில் அவன் தவழ்ந்து ஏறுகிற தடத்துக்குக் குறுக்கே கட்டினேன். நல்ல பனி. புல்லெல்லாம் நனைந்திருந்தது. ஆறு மணிக்குக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான்.

“கம்பி அணைச்சாச்சாப்பா?”

“அணைச்சாச்சு. போயிட்டு வா.”

கொட்டகை வாசலிலிருந்து பார்த்தால் மேடு நன்றாகத் தெரியும். கம்பி அவன் கழுத்தில் பட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. பல் கிட்டிவிட்டதால் கத்தவில்லை. விரல் கேமராப் பொத்தானில் இறுகிவிட்டது போல, அது மட்டும் டக் டக் என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தது. நரிக்குட்டிகள் வெளியே வந்து காதைத் தூக்கிக்கொண்டு கேட்டன. சுவிட்சு எனக்குக் கை எட்டுகிற தூரம்தான். வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, துப்பினேன். மயிர் தீய்கிற வாடை கொட்டகை வரைக்கும் வந்தது. உமாமகேஸ்வரி பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வயலில் இறங்கினாள். அப்போதுதான் அணைத்தேன். அவளும் தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆக, மறக்கவில்லை. இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். எலிக் கம்பி என்று ஊரே சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் கேமராவை மருமகள் உங்களிடம் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

என் மகன் பொய் சொன்னான் என்று சொல்லமாட்டேன். பெற்றவளுக்காகப் பரிந்து பேசினான், அவ்வளவுதான். நரியைப் பார்க்க ஒரு பொம்பளை தினமும் தலையை வாரி முடிந்துகொண்டு போவாளா? நாலு வருஷம் ஆனால் என்ன, பழகின இடத்துக்கு அந்த ஆள் வராமலா இருப்பான்? எனக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல், கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடியில் பின்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நீங்கள் நானூறு படத்தையும் ஒன்று விடாமல் பெரிதாக்கிப் பாருங்கள், ஐயா. நரிக்குப் பின்னால், அந்தத் தாழம்புதரில், எங்கேயாவது ஒரு ஆம்பளை நின்றுகொண்டிருப்பான்.