பாஸானவள் கொடுத்த புகார்

ஆரணியிலிருந்து போளூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். கபடி நடுவர் தேர்வு எழுதியவர்கள்.

"நான் பாஸான பரீட்சைய கேன்சல் பண்ணுங்கன்னு நானே புகார் குடுத்துட்டேன்க்கா."

"எதுக்குடி இந்த பேஜாரு?"

"கேள்வித்தாள் முந்தின நாளே வாட்ஸ்அப்ல சுத்திகினு இருந்துச்சே. நாளைக்கு நான் அவுட்டு குடுத்தா, 'நீயே காப்பியடிச்சு வந்தவதானே'ன்னு கேப்பாங்க."

"நீதான் அத பாக்கவே இல்லியே."

"ஆட வரவங்களுக்கு அது எப்டி தெரியும்?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பாத்துட்டுதான்டி எழுதினேன். என்னையும் சேத்தா மாட்டி வுட்ட?"

"தெரியும்க்கா. எதிராளி கை பட்டுட்டா, நடுவர் பாக்கலன்னாலும் நாமளே கையத் தூக்கினு வெளிய போவோம். அப்டித்தானே ஆடினோம்? நீ தூக்கல. அதான் நான் விசில் ஊதிட்டேன்."