அனுமதி வரும் வரைக்கும்

தலைமை ஏற்றிருக்கும் அதிகாரி அவர்களே! எழுபது வயதில் என் விரல் பிடித்து எழுதவைத்த ஆசிரியை தேவகுமாரி அவர்களே! மாரமங்கலத்துப் பெரியவர்களே! மிளகு பறித்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்!

இன்று எனக்கு எழுத்தறிவுச் சான்றிதழ். ஆனந்தம், அளவில்லா ஆனந்தம்! பஸ் பலகையைப் படிக்கிறேன். சோப்பு உறையையும் விடுவதில்லை. "மாமா, நீங்க படிச்சு முடிச்சாத்தானுங்க நான் துணி தொவைக்க முடியும்" என்கிறாள் என் மருமகள் கலா. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! ஆனால் நான் எழுத்துக் கூட்டிய முதல் ஆங்கிலச் சொல் சிரிக்கவிடவில்லை. அது 'பெண்டிங்'.

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் மேட்டுக்குடியிருப்புக்கு ரோடு கேட்டோம். முத்திரை குத்திய காகிதம் ஒன்று வந்தது. முத்திரை விழுந்தால் முடிந்த காரியம் என்று நம்பினோம். மஞ்சள் தடவினோம், குங்குமம் வைத்தோம், கோயிலில் வைத்துத் தேங்காய் உடைத்தோம். மனு கொடுப்பதையும் நிறுத்தினோம். யார் படித்தோம்? ஒருவரும் படிக்கவில்லையே!

போன ஐப்பசி மழையில் என் மனைவி முத்தாயிக்கு நெஞ்சு வலி. போர்வையை மூங்கிலில் கட்டித் தூக்கினோம். ஓடை தாண்டும்போது கேட்டாள்: "ஏனுங்க, ரோட்டுக்குத்தான் காயிதம் வந்துருச்சே. ரோடு எங்கீங்க?"

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

படிக்கக் கற்ற பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து 'பெண்டிங்' என்று எழுத்துக் கூட்டினேன்; பொருள் தெரியாமல் ஆசிரியையிடம் கொடுத்தேன். படித்தவர் கண் கலங்கினார். "ஐயா, 'பெண்டிங் வனத்துறை அனுமதி, ரோட்டு வேலை நிறுத்திவைப்பு'னு போட்டிருக்குங்க. பெண்டிங்னா, பின்னாடி சொல்ற காரியம் நடக்கற வரைக்கும்னு அர்த்தம்."

"எந்தத் தேதி வரைக்கும், கண்ணு?"

"அதுக்குப் பின்னாடி தேதி வராதுங்க. ஒரு காரியந்தான் வரும்."

கேட்டீர்களா? தேதியே வராத சொல்! அந்தக் காரியம் நடக்காவிட்டால்? ஆண்டுகள் போகலாம், ஆட்கள் போகலாம், அந்தச் சொல் மட்டும் அசையாது! அதற்குத்தானே நாங்கள் கற்பூரம் காட்டினோம்!

"உட்காருங்க பெரியவரே" என்கிறார் பின்னால் ஒருவர். உட்காருகிறேன் தம்பி, இன்னும் ஒரே பேச்சு.

அதிகாரி அவர்களே, இதோ அந்தக் காகிதம், குங்குமம் படிந்தே இருக்கிறது. அனுமதி யார் மேசையில் கிடக்கிறது? என்றைக்குள் வரும்? இரண்டையும் இதன் அடியில் உங்கள் கையால் எழுதுங்கள். எழுதும் வரை சான்றிதழ் வாங்க இந்தக் கை நீளாது.

முன்வரிசையில் இருக்கிறாளே, அவள்தான் கலா. எட்டு மாதம். நர்ஸ் தேதி குறித்திருக்கிறார், அடுத்த மாதம் இருபது. வயிற்றுப் பிள்ளை யார் அனுமதிக்கும் காத்திருக்காது ஐயா! அது வந்துவிடும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. எல்லோருக்கும் கும்பிடு. பேனா இந்தாருங்கள் ஐயா.