யூரியா சாக்கு

— மம்பட்டிய அங்கிட்டு வைங்க! கொத்துனா இன்னும் உள்ளதேன் போகும்.

— பின்ன எப்படித்தேன் எடுக்க? நீயே சொல்லு மாரிக்கனி.

— வெரலால. ஒவ்வொண்ணா. கடக்கரையில எட்டு நாளா நான் எப்படி எடுத்தேனோ, அப்படி.

— ஒரு ஏக்கர் பருத்தி புள்ள. தூருக்குத் தூரு வெரல விட்டு நோண்டவா?

— தூருக்குத் தூரு வச்சது யாரு? நானா?

— வெள்ளை வெளேர்னு உருண்டையா இருந்துச்சு. யூரியா சாக்குல இருந்துச்சு. எனக்கென்ன சோசியமா தெரியும்?

— சாக்கு நம்ம வீட்டுச் சாக்குங்க. 'ஆளுக்கு ரெண்டு காலிச் சாக்கு கொண்டாங்க'ன்னு கூலிக்குக் கூட்டிட்டுப் போன காண்ட்ராக்டர் சொன்னாரு, கொண்டுபோனேன். கப்பல் கவுந்து, கொடமும் நாக்காலியும் செய்ய உருக்குற பிளாஸ்டிக் குருணை அம்புட்டும் வேம்பார்க் கரையில ஒதுங்கிக் கெடக்கு. ஒரு கூடை மணலைச் சலிச்சா ரெண்டு பிடி வரும். அப்படிச் சேத்த மூடைங்க இது.

— அதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்த? அங்கயே போட்டுட்டு வர வேண்டியதான?

— பந்தல்குடி குடோன்ல எறக்குறதாத்தேன் பேச்சு. குடோன் நெறஞ்சுபோச்சாம். 'ஆளுக்கு ரெண்டு மூடை வீட்ல வைங்க, திங்கக்கெழமை லாரி வரும்'னுட்டு வேன்காரன் வாசல்ல தள்ளிட்டுப் போயிட்டான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— எங்க சொல்ல? அன்னைக்கு ராத்திரி நீங்க வீட்டுக்கே வரல. வெள்ளன நான் வேன் ஏறிட்டேன். போன் போட்டா சுவிட்ச் ஆப்பு.

— யூரியாவுக்காக சொசைட்டி வாசல்ல கெடந்தேன். எடம் போயிருமுன்னு செருப்பை வரிசையில போட்டுட்டு, சிமெண்டுத் தரையில படுத்துக் கெடந்தேன். மூணு நாளு கனி. விடிஞ்சு என் முறை வரவும் 'ஸ்டாக்கு இல்ல, அடுத்த வாரம் வாங்க'ன்னுட்டான். நம்ம ஊரு ஐயாத்துரை மட்டும் எனக்குப் பின்னால வந்து, உள்ள போயிப் பேசி, நாலு மூடைய ஏத்திக்கிட்டுப் போறான். என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போறான்.

— அந்த ஆத்திரத்தை நம்ம நெலத்துலயா காட்டுவாக?

— ஆத்திரம் இல்ல புள்ள, சந்தோசம். வீட்டுக்கு வந்தா வாசல்ல ரெண்டு மூடை! என் பொண்டாட்டி எங்கிட்டோ பேசி வாங்கிட்டு வந்துட்டான்னு நெனச்சேன். நேத்து கஞ்சி கூடக் குடிக்கல, தூக்கிக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன்.

— வந்தவரு சும்மா தூவி விட்டிருக்கக் கூடாதா? கூட்டி அள்ளியிருக்கலாம். ஒரு நாளைக்காவது சோம்பேறியா இருந்திருக்கலாம்ல?

— தூவுனா வெயில்ல வீணாப் போகும். தூருக்கு மூணு வெரல் அளவு வச்சு, மண்ணை அணைச்சு, மிதிச்சு விட்டேன்.

— மிதிக்க வேற செஞ்சீகளா! ஈரக் கரிசல்ல! நல்லா இருக்கு நாயம். எனக்கு அழுகையா வருது. உங்களத் திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல.

— சரி விடு. கல்லு மாதிரி கெடந்துட்டுப் போகுது. பயிருக்கு என்ன ஆயிரப்போகுது?

— கெழக்க பாருங்க, எப்படி இருட்டிக்கிட்டு வருதுன்னு. ஒரு மழை அடிச்சா மண்ணு கரைஞ்சு, இது அம்புட்டும் மேல வந்து கண்மாய்க்குத்தேன் போகும். ஊரு ஆடுமாடெல்லாம் அங்கதேன் வாய் வைக்குது. இப்பதேன் மீன்குஞ்சு விட்டிருக்காக. வேம்பார்ல ஒருத்தரு மீனு வயித்தை அறுத்துக் காமிச்சாரு. கொடலு பூராம் இதேதேன்.

— அந்தக் கூடைய இங்கிட்டுத் தள்ளு.

— என் மொகத்தைப் பாருங்களேன். காலையில நான் வந்து இது உரமில்லன்னு சொன்னதுல இருந்து குனிஞ்ச தலை நிமிராமயே பேசுறீக.

— குனியாம எப்படி எடுக்க? எடுத்துக்கிட்டுத்தான இருக்கேன்.

— இந்தக் கூடையப் பாருங்க. ஒரு வரிசைக்கு இம்புட்டுத்தேன் வருது. ஒரு ஏக்கருக்கும் சேத்தா ஒரு மூடைதேன் ஆகும். இன்னொண்ணு எங்க?

— மொதல்ல இந்த வரிசைய முடி.

— ஏங்க, எங்கன்னு கேக்குறேன்.

— ஐயாத்துரை வாங்கிட்டுப் போனான்.

— யாரு, நாலு மூடை ஏத்திக்கிட்டுப் போனவனா?

— அவனேதேன். 'அண்ணே, மொளகாய்க்குப் பத்தல, ஒரு மூடை குடுங்க'ன்னு வரப்புல வந்து நின்னான். தூக்கிக் குடுத்தேன்.

— ஐயையோ! அவன் மொளகா கண்மாய் ஓரத்துலல்ல இருக்கு! போட்டுட்டானா?

— நேத்துச் சாயங்காலமே.

— அப்ப இதை விடுங்க. எந்திரிங்க. அவன் வீட்டுக்குப் போவோம். அறியாம நடந்துபோச்சு தம்பின்னு சொல்லுவோம். அவன் நாலு வார்த்தை திட்டுனா வாங்கிக்குவோம். மழைக்கு முந்தி எல்லாருமாச் சேந்து அள்ளிருவோம்.

— நீ போயிட்டு வா. நான் வரல.

— ஏன் வரல? அவன் என்ன உங்களக் கடிச்சா திங்கப்போறான்? வேணுமின்னா செஞ்சீக? யூரியான்னு நெனச்சுத்தான குடுத்தீக?

— இங்க வேலைய முடிச்சுட்டுத் தொட்டியில கை கழுவுனேன் கனி. யூரியான்னா தண்ணி பட்டதும் கரையணும்ல; வெரலிடுக்குல இருந்தது ஒண்ணும் கரையல. தண்ணி மேல அப்படியே மெதந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டு நிக்கையிலதேன், அவன் வந்து கேட்டான்.