ஒரே சாவியில் திறக்கும் நாற்பது பூட்டுகள்

எவர் சாவிக்கும் திறக்கும் பூட்டைக் கையில் கொடுத்து, நம் ஏணியைக் கம்பத்தில் ஏற்றிக் கொன்றார்கள். இதைச் சொன்ன பிறகுதான் என் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, பண்டகப் பொறுப்பாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஏணியின் மனைவியான தங்கச்சி, பணித்தோழர்களே!

ஏணி என்று நாம் அழைத்த அந்த நெடிய மனிதர் இருபத்திரண்டு ஆண்டுகள் மின்கம்பம் ஏறியவர். ஏறும் முன் சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்துவார்; அதில் தம் பூட்டை மாட்டுவார்; சாவியைப் பையில் போடுவார். பூட்டுக்காரர் இறங்கும்வரை அந்தச் சுவிட்சை எவரும் தொடக்கூடாது. நம் உயிர் தொங்குவது அந்தப் பூட்டில்தான்.

பிறகு வந்தன நாற்பது புதுப் பூட்டுகள். எல்லாம் ஒரே அச்சு. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. சாவி தொலைந்தால் தொல்லை இல்லையாம்!

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்ததை ஒருநாள் ஏணியிடம் சொன்னேன்: "ஒரு எலக்ட்ரானுக்கும் இன்னொண்ணுக்கும் துளி வித்தியாசம் கிடையாதுப்பா. ரெண்டையும் இடம் மாத்தி வெச்சாலும் மாறுச்சுன்னு எவனாலும் சொல்ல முடியாது. எது எங்கேருந்து வந்துச்சுன்னு கதையே இல்ல."

அவர் சிரித்தார். "அப்ப நம்ம பூட்டு மாதிரின்னு சொல்லுங்கண்ணே!"

மறுநாளே தம் பூட்டில் அரத்தால் மூன்று கீறல் போட்டார். பண்டகப் பொறுப்பாளர் அதைப் பிடுங்கிக்கொண்டு கேட்டார்: "உனக்கு மட்டும் என்னய்யா தனி அடையாளம்?"

"எலக்ட்ரான்லதான் கீறல் போட முடியாதாம் சார். இதுல போடலாமில்ல?"

பொருளைச் சேதப்படுத்தியதாக மெமோ கொடுத்தார்கள். வழுவழுப்பான புதுப் பூட்டும் கொடுத்தார்கள். மூன்றே வாரம்!

அவர் இறந்த அன்று சுவிட்ச் பலகையில், ஆறு பேரின் ஆறு சுவிட்சுகளில், ஆறு பூட்டுகள் தொங்கின. வேலை முடித்து வந்த ஐவரும், "என் பூட்டைத்தான் திறந்தேன்" என்கிறார்கள். ஐவரில் ஒருவர் திறந்தது, இன்னும் கம்பத்தில் இருந்த ஏணியின் பூட்டு; சுவிட்சையும் போட்டுவிட்டார். யார்? அவருக்கே தெரியாது! பொய் சொல்பவரைக்கூட மன்னிப்பேன். இதில் யாரை மன்னிப்பது?

விசாரணையில் தலைமைப் பொறியாளர் ஏணியின் பேச்சையே திருப்பிச் சொன்னார்: "எலக்ட்ரானுக்கு அடையாளமே இல்லையே, எது எங்கேருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?" உண்மைதான் ஐயா. அவரைக் கொன்றவை எங்கிருந்தும் வரவில்லை; அந்தக் கம்பியில் ஏற்கெனவே இருந்தவை, இருந்த இடத்திலேயே ஆடின. அவற்றுக்கு வரலாறு இல்லை. மெமோவுக்குமா இல்லை? அதன் கீழே இருக்கும் கையெழுத்துக்குமா இல்லை?

இதோ, என் சட்டைப்பையிலும் அதே சாவி. இந்த மேசையில் வைக்கிறேன். இந்தக் கூட்டத்தில் எத்தனை பைகளில் இருக்கிறது?

ஏணியின் வேலையை நாம் தொடர்வோம், இப்படித்தான்: பண்டகப் பொறுப்பாளர் இன்று மாலைக்குள் நாற்பது பூட்டுகளையும் திரும்ப வாங்க வேண்டும். பொறியாளர், ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு சாவி என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்; அந்த மெமோவைத் தம் கையாலேயே கிழிக்க வேண்டும். ஐவரும் தங்கச்சியின் எதிரே நின்று, "நானாக இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். நான் அரத்தோடு வாசலில் உட்காருவேன். கீறல் இல்லாத பூட்டோடு எவனும் என்னைத் தாண்ட முடியாது.

மேற்பார்வையாளர் தம்பி, நீ கைதட்டாதே. வெளியே போய் போன் போடு. இந்த நிமிடம் அதே பூட்டுகளை நம்பி மூன்று பேர் கம்பத்தில் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கீழே இறக்கு.