பச்சை மூடி டப்பா

தம்பி: எழுந்திரிக்கவா, அக்கா?

அக்கா: படு. மயக்க மருந்து இன்னும் தெளியலை. எழுந்தா குப்புற விழுவே.

தம்பி: டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காம சொல்லு.

அக்கா: குடல்ல மூணு கட்டியாம். சின்னதுதான். குழாய் விட்டுப் பாக்கறப்பவே எடுத்துட்டாங்க.

தம்பி: அப்போ... புத்துநோய்...

அக்கா: இல்லைடா. விட்டிருந்தா நாலஞ்சு வருஷத்துல ஆகியிருக்கும்னார். போன மாசம் எனக்கு எடுத்தாங்களே, அதே வகை. அப்பா வேற எதைக் குடுத்தாரோ இல்லையோ, இதை ரெண்டு பேருக்கும் சமமா குடுத்துட்டுப் போயிருக்கார்.

தம்பி: அப்பாவுக்கும் இப்படி முன்னாடியே பாத்திருந்தா...

அக்கா: அழறியா? இவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டறவன்...

தம்பி: மருந்து. கண்ணுல தண்ணி வருது.

அக்கா: ஆமா ஆமா.

தம்பி: மலப் பரிசோதனைக்கு வீடு வீடா டப்பா குடுத்தாங்களே அந்த நர்சம்மா, அவங்க கால்ல விழணும்க்கா. கதவைக்கூடச் சரியாத் திறக்கலை நான்.

அக்கா: வெளியே வரிசை வாசல் தாண்டி நிக்குது. பாதிப் பேர் முத்தினப்புறம் வந்தவங்களாம். நாம தப்பிச்சோம்.

தம்பி: ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

அக்கா: திட்டுவேன். சொல்லு.

தம்பி: அந்தப் பச்சை மூடி டப்பாவுல இருந்தது... என்னுது இல்லை.

அக்கா: ம்.

தம்பி: மலத்தைக் குச்சியில எடுக்கணும்னதும் குமட்டிடுச்சு. உன்னுதைப் போட்டுக் குடுத்துடுன்னு என் பொண்டாட்டிகிட்ட...

அக்கா: வெக்கங்கெட்டவனே.

தம்பி: நாலு நாள் முன்னாடி நீ போன் பண்ணி, 'உன் டப்பாவுல ரத்தம் இருக்காம், கிளம்பி வா'ன்னே. நான் என்னத்தைச் சொல்ல? வந்து படுத்துட்டேன். ஆனா அது அவ ரத்தம்க்கா. நாலு நாளா எனக்குச் சோறு இறங்கலை. நீயும் பாத்துக்கோடின்னா சிரிக்கிறா. நான் பொழைச்சது போதும்... அவளைப் பாக்கச் சொல்லு. இன்னைக்கே.

அக்கா: அவளுக்கு ஒண்ணும் இல்லை.

தம்பி: உனக்கெப்படித் தெரியும்?

அக்கா: டப்பாவை மாத்தின அன்னைக்கே என் தையல் கடைக்கு ஓடி வந்து சொல்லிட்டா. அப்பாவுக்கு வந்ததையும் எனக்கு இருந்ததையும் சொல்லி டாக்டர்கிட்ட உனக்குத் தேதி வாங்கினது நாங்க ரெண்டு பேரும்தான். இந்தா, அந்த டப்பாவுக்கு உன் பேர்ல வந்த லெட்டர். படிச்சுப் பாரு... ரத்தம் இல்லைன்னுதான் போட்டிருக்கு.